தோட்டாவின் கழுத்து ஏன் ஒடுங்கியிருக்கிறது?

பள்ளி விடுமுறை முடிந்த முதல் வாரம். படிவம் நான்கு மாணவன் ஒருவன் கைக்குட்டையில் சுற்றிய ஏதோ ஒன்றை என் மேசைமேல் வைத்தான். "சார், தாத்தா வீட்டுப் பக்கம் கால்வாய் வெட்டும்போது கிடைச்சுது. இது என்ன உலோகம்னு சொல்லுங்க" என்றான். பிரித்துப் பார்த்தேன். பச்சைப் பாசி பிடித்த பித்தளைக் குழாய். என் நடுவிரலைவிடச் சற்றே குட்டை. அடியில் தடித்த விளிம்பு. மேலே போகப் போகச் சாய்ந்து, தோள்போல் வளைந்து, கழுத்தாக ஒடுங்கியிருந்தது. பழைய துப்பாக்கித் தோட்டா!

அவனை முதலில் திட்டினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். பள்ளிப் பேருந்தில் பென்சில் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து எடுத்து வந்திருக்கிறான். நல்ல வேளையாக அது சுட்டு முடித்த வெற்றுக் கூடு. முனையில் குண்டு இல்லை. அடியில் இருக்கும் சிறு மூடியில் சுத்தியல் பட்ட குழி இருந்தது. இருந்தாலும் வகுப்பை வெளியே அனுப்பிவிட்டுக் காவல் நிலையத்தை அழைத்தோம். மூவார், பக்ரி, பாரிட் சூலோங் வட்டாரத்தில் 1942 ஜனவரியில் ஜப்பானியப் படையை இந்திய, ஆஸ்திரேலியப் படையினர் எதிர்த்து நின்றார்கள். அந்தப் போரின் மிச்சங்கள் இன்னும் மண்ணுக்குள் கிடக்கின்றன. அவையெல்லாம் வெற்றுக் கூடுகளாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. எண்பது ஆண்டு பழையதானாலும் அடிமூடியில் உள்ள மருந்து தட்டினால் தீப்பற்றக்கூடும். உங்களுக்கும் கிடைத்தால் தொடாதீர்கள், தோண்டாதீர்கள். இடத்தை நினைவில் வைத்துக்கொண்டு பெரியவர்களிடம் சொல்லி 999க்கு அழையுங்கள்.

காவலர் வரும்வரை மாணவர்கள் சன்னல் வழியாக எட்டிப் பார்த்துக் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். அதில் ஒன்று நல்ல கேள்வி: "சார், கழுத்து ஏன் ஒடுங்கி இருக்கு? நேரான குழாயா செஞ்சா சுலபமாச்சே?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பதில் நம்மை நெம்புகோல் துப்பாக்கிக்கும், 'காட்டுப்பூனை' என்று பெயர் பெற்ற விந்தையான தோட்டாக்களுக்கும் இட்டுச் செல்லும்.

முதலில் உறுப்புகள். பித்தளைக் கூடு, அதனுள் வெடிமருந்து, முனையில் குண்டு, அடியில் தட்டினால் பொறி தரும் சிறு மூடி. பொறி பட்டதும் மருந்து எரிந்து வாயுவாகிறது. வாயு விரிவடைய இடம் தேடுகிறது. நகரக்கூடிய ஒரே பொருள் குண்டுதான் என்பதால் அது குழல் வழியே பாய்கிறது. வேகமான, ஒல்லியான குண்டு வேண்டுமானால் நிறைய மருந்து வேண்டும். ஆனால் ஒல்லியான குழாயில் நிறைய மருந்தை அடைத்தால் என்ன ஆகும்? நீள்உருளையின் கன அளவு சூத்திரத்தை எழுதிப் பாருங்கள். விட்டத்தைப் பாதியாக்கினால், அதே கன அளவுக்கு நீளம் நான்கு மடங்காக வேண்டும். தோட்டா, குச்சிபோல் நீண்டுவிடும். கிச்சாப் போத்தல்போல உடலை அகலமாகவும் வாயைக் குறுகலாகவும் செய்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

இது காகிதத்தில் மட்டும் தோன்றிய கணக்கு அல்ல. 1871இல் பிரிட்டிஷ் படை மார்ட்டினி-ஹென்றி என்ற துப்பாக்கியை ஏற்றுக்கொண்டது. விசைக்குப் பின்னால் கீழே தொங்கும் நெம்புகோலை அழுத்தினால் உள்ளே ஓர் இரும்புக்கட்டை கீழிறங்கும். ஒரு தோட்டாவைப் போட்டு நெம்புகோலை மேலே இழுத்தால் கட்டை மூடிக்கொள்ளும். அதற்கு முதலில் யோசித்த தோட்டா .45 அங்குல விட்டமுள்ள நீண்ட குழாய். அது அளவுக்கு மீறி நீளம், எளிதில் வளைந்துவிடும், அதற்கேற்பத் துப்பாக்கியின் உள்ளமைப்பும் நீள வேண்டியிருந்தது. ஆகவே பொறியாளர்கள் அதற்கு முந்தைய ஸ்னைடர் துப்பாக்கியின் .577 அங்குல அகலக் கூட்டை எடுத்து, அதன் வாயை .45 அங்குலத்துக்கு ஒடுக்கினார்கள். தோட்டா குட்டையானது. .577/450 என்ற அதன் பெயரிலேயே அந்தக் கதை இருக்கிறது: தாய்க்கூடு 577, ஒடுக்கிய வாய் 450.

இருக்கும் ஒரு கூட்டை எடுத்து, வாயை ஒடுக்கியோ விரித்தோ, சாய்வை மாற்றியோ புதிய தோட்டா செய்யும் வழக்கம் பிறகு அமெரிக்காவில் பொழுதுபோக்காகவே வளர்ந்தது. எந்தத் தொழிற்சாலையும் வரையறுக்காத, தனிமனிதர்கள் வடிவமைத்த அத்தகைய தோட்டாவைத்தான் 'வைல்ட்கேட்', அதாவது காட்டுப்பூனை என்கிறார்கள். சில பூனைகள் பிற்பாடு வீட்டுக்குள் வந்ததும் உண்டு. .22-250 என்ற தோட்டா பல ஆண்டுகள் காட்டுப்பூனையாக இருந்து, 1965இல்தான் ரெமிங்டன் நிறுவனத்தின் அதிகாரபூர்வத் தயாரிப்பானது.

நெம்புகோல் துப்பாக்கி என்றதும் உங்களுக்குக் கௌபாய் படங்கள் நினைவுக்கு வரும். (தமிழிலும் உண்டு. 1972இல் ஜெய்சங்கர் நடித்த 'கங்கா'வைப் பற்றித் தாத்தாவைக் கேளுங்கள்; அரைமணி நேரம் பேசுவார்.) விரல்களை நுழைக்கும் வளையத்தைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் வெற்றுக் கூடு வெளியே தெறித்து, அடுத்த தோட்டா உள்ளே ஏறும். வளையம் சுழலும் மையத்திலிருந்து கை தொலைவில் இருக்கிறது. தாழ்ப்பாளை நகர்த்தும் முனை அருகில் இருக்கிறது. நீங்கள் படித்த நெம்புகோல் தத்துவமேதான்.

இந்த வகைத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவை தோட்டாக்களைக் குழலுக்குக் கீழே உள்ள நீண்ட குழாயில், ரயில் பெட்டிகள்போல ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வைப்பவை. ஒரு தோட்டாவின் மூக்கு முன்னால் உள்ள தோட்டாவின் அடிமூடியைத் தொட்டுக்கொண்டிருக்கும். மூக்கு கூர்மையாக இருந்தால்? சுடும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும். சடத்துவத்தால் (நிலைமம் என்றும் சொல்வோம்) தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றோடொன்று மோதும். கூர்மூக்கு, ஓர் ஊசிபோல முன்னால் உள்ள மூடியைக் குத்தினால் குழாய்க்குள்ளேயே வெடிக்கும். அதனால் இவற்றுக்கு மொட்டை மூக்குக் குண்டுகள். ஆனால் மொட்டை மூக்குக்குக் காற்றின் தடை அதிகம். வேகம் சீக்கிரம் குறையும். பாதுகாப்புக்குக் கொடுத்த விலை அது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஹார்னடி என்ற நிறுவனம், அழிப்பான் ரப்பர்போல வளையும் மென்மையான கூர்முனை வைத்த குண்டுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

இன்னொரு வழியை ஜான் பிரவுனிங் என்ற வடிவமைப்பாளர் வெகுமுன்பே காட்டியிருந்தார். அவர் வடிவமைத்த வின்செஸ்டர் 1895இல் குழாய் கிடையாது. தோட்டாக்கள் விசைக்கு முன்னால் ஒரு பெட்டிக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். மூக்கு எதையும் குத்தாது. முதல் உலகப் போரில் ரஷ்யா ஏறக்குறைய 3 லட்சம் துப்பாக்கிகளை வாங்கியது. அதே துப்பாக்கியை பிரிட்டிஷ் .303 தோட்டாவுக்கும் செய்து விற்றார்கள். மேசைமேல் இருந்த கூட்டின் தடித்த விளிம்பையும் சாய்வையும் பார்த்தால், அதுவும் .303 வகைதான்.

இப்போது காட்டுப்பூனைக்கு வருவோம். 1950களில் அலாஸ்காவின் கீனாய் தீபகற்பத்தில் ஹரோல்டு ஜான்சன் என்ற துப்பாக்கிக் கைவினைஞர் இருந்தார். அங்கே பெரிய பழுப்புக் கரடிகள் உண்டு. வின்செஸ்டர் 71 என்ற நெம்புகோல் துப்பாக்கிக்கு உரிய .348 தோட்டாவின் வாயை விரித்து, .45 அங்குலக் குண்டு பொருந்தும்படி செய்தார். '.450 அலாஸ்கன்' என்று பெயர். ஏன் விரித்தார்? விசை = அழுத்தம் × பரப்பு. வாயுவின் அழுத்தத்தை ஏற்றாமல் குண்டின் அடிப்பரப்பை அகலமாக்கினாலே குண்டின் மேல் விசை கூடும். கனமான குண்டைத் தள்ளலாம். அழுத்தத்தை ஏற்றியும் அதைச் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அங்கேதான் நெம்புகோல் துப்பாக்கியின் எலும்புக்கூடு குறுக்கே நிற்கிறது.

வாயு, குண்டை மட்டும் தள்ளவில்லை. கூட்டின் அடித்தளத்தையும் அதே அழுத்தத்தால் பின்னோக்கித் தள்ளுகிறது. கூட்டின் உள்விட்டம் 1 சென்டிமீட்டர் என்றும், அழுத்தம் 300 மெகாபாஸ்கல் என்றும் வைத்துக்கொள்வோம். இத்தகைய தோட்டாக்களுக்கு இது வழக்கமான அளவே. பரப்பு சுமார் 0.785 சதுர சென்டிமீட்டர். பெருக்கினால் ஏறக்குறைய 23,500 நியூட்டன். இரண்டு மைவி கார்களைவிடச் சற்றுக் கூடுதலான எடை, ஒரு விரல்நுனிப் பரப்பில், மில்லி விநாடி நேரம்! நல்ல வேளை, அந்த முழுச் சுமையும் தாழ்ப்பாள்மேல் விழுவதில்லை. பித்தளைக் கூடு அழுத்தத்தால் விரிந்து அறையின் சுவரை இறுகப் பற்றிக்கொள்கிறது. உராய்வு ஒரு பங்கைத் தாங்குகிறது. பல நெம்புகோல் துப்பாக்கிகளில் தாழ்ப்பாள் பூட்டிக்கொள்ளும் இடம் தோட்டாவுக்கு வெகு பின்னால் இருக்கிறது. இடையில் உள்ள இரும்பு நீளம் முழுதும் மயிரிழை அளவு நீண்டு சுருங்குகிறது. அப்போது கூடும் பின்னால் இழுபடும். அளவு மீறினால் கிழியும். கிழிந்த கூட்டின் வழியாகச் சூடான வாயு வரும் இடத்துக்கு மிக அருகில் சுடுபவரின் கண் இருக்கிறது.

இதிலே ஒரு சுவையான இழுபறி உண்டு. பி. ஓ. ஆக்லே என்ற புகழ்பெற்ற அமெரிக்க வடிவமைப்பாளர், கூட்டின் பக்கச் சாய்வைக் குறைத்து ஏறத்தாழ நேராக்கினார். நேரான சுவர் நன்றாகப் பற்றும்; பின்தள்ளல் குறையும். சரி, எல்லாக் கூட்டையும் நேராகவே செய்துவிடலாமே? பற்றிய கூட்டைப் பிறகு வெளியே இழுக்க வேண்டுமே! நெகிழிக் கோப்பைகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கி எடுத்திருக்கிறீர்கள். சாய்வாக இருப்பதால்தான் அவை சட்டென்று விடுபடுகின்றன. நேரான குழாய்களாக இருந்தால் கடைசிவரை உரசிக்கொண்டே வரும். பழைய .303 கூட்டின் தாராளமான சாய்வு, சேற்றிலும் தூசியிலும் சிக்காமல் வெளிவர உதவியது. பற்றும் வேண்டும், விடவும் வேண்டும்.

காட்டுப்பூனை வடிவமைப்பில் உண்மையான ஆபத்து எங்கே? பலர் நினைப்பதுபோல் வடிவத்தில் அல்ல, தெரியாத அழுத்தத்தில். புகையற்ற வெடிமருந்து ஒரு விசித்திரமான பொருள். அழுத்தம் கூடக் கூட அது இன்னும் வேகமாக எரியும். வேகமாக எரிந்தால் அழுத்தம் இன்னும் கூடும். விளைவு தன் காரணத்தையே வளர்க்கிறது. கூட்டின் உள்ளிடத்தைக் கொஞ்சம் குறைத்தாலோ, குண்டை இன்னும் ஆழமாகச் செருகினாலோ அழுத்தம் அதே 'கொஞ்சம்' மட்டும் கூடாது, துள்ளிவிடும். தொழிற்சாலைகள் இதை அளந்து பார்க்கின்றன. அந்தக் காலத்தில் குழலில் துளையிட்டு, சிறிய செப்பு உருளை எவ்வளவு நசுங்குகிறது என்று பார்த்தார்கள். இப்போது அழுத்தினால் மின்னழுத்தம் தரும் படிகத்தைப் பொருத்தி, மில்லி விநாடிக்குள் ஏறி இறங்கும் அழுத்தத்தை வரைபடமாகவே எடுக்கிறார்கள். அமெரிக்காவில் 1926 முதல் இதற்கெனத் தொழில்துறைத் தரநிலைக் கழகம் இருக்கிறது. பட்டறையில் தனியாக அமர்ந்து புதுத்தோட்டா செய்பவருக்கு அந்தப் படிகம் கிடையாது. கூட்டின் அடி வீங்கியிருக்கிறதா, மூடி தட்டையாகியிருக்கிறதா என்று சுட்ட பிறகு பார்ப்பார். அந்த அறிகுறி தெரியும்போது எல்லை ஏற்கெனவே கடந்திருக்கும். ஆய்வகத்தில் வெப்பமானியை வைக்காமல் "தொட்டுப் பார்த்தேன் சார், சூடா இருக்கு" என்று சொல்லும் மாணவனை எனக்கு அது நினைவூட்டும்; இங்கே சுடுவது விரலோடு போகாது.

வடிவத்தை இயற்பியல் மட்டும் தீர்மானிப்பதில்லை. சட்டமும் தீர்மானிக்கும். இதற்கு இந்தியாவில் நடந்ததைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

1898இல் ரிக்பி நிறுவனம் யானை, காட்டெருமை வேட்டைக்காக .450 நைட்ரோ எக்ஸ்பிரஸ் என்ற தோட்டாவைக் கொண்டுவந்தது. மார்ட்டினி-ஹென்றியின் குண்டைப் போலவே இதன் குண்டும் சுமார் 31 கிராம். மார்ட்டினியின் கருமருந்து அதை விநாடிக்கு ஏறக்குறைய 400 மீட்டர் வேகத்தில் தள்ளியது. புகையற்ற மருந்து ஏறக்குறைய 650 மீட்டர். இயக்க ஆற்றலைக் கணக்கிடுங்கள்: முன்னதற்குச் சுமார் 2,500 ஜூல், பின்னதற்குச் சுமார் 6,500 ஜூல். வேகம் 1.6 மடங்குதான், ஆற்றலோ 2.6 மடங்கு. வேகத்தை வர்க்கமாக்குவதன் விளைவு அது. ஆங்கிலேய வேட்டைக்காரர்கள் இந்தியாவுக்கு இதை விரும்பி வாங்கினார்கள்.

1907இல் பிரிட்டிஷ் இந்திய அரசு .450 அளவுத் துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் இறக்குமதி செய்யத் தடை விதித்தது. காரணம், கிளர்ச்சிக்காரர்களின் கையில் இருந்த பழைய மார்ட்டினி-ஹென்றிகள். வேட்டைத் தோட்டாவின் குண்டை எடுத்து அவற்றில் பயன்படுத்திவிடுவார்களோ என்ற அச்சம். ஒரே விட்டம் என்பதுதான் வேட்டைத் தோட்டா செய்த குற்றம்! லண்டன் நிறுவனங்கள் உடனே வரைபலகைக்குப் போயின. ஹாலண்ட் அண்டு ஹாலண்ட், .500 கூட்டை ஒடுக்கி .500/465 என்ற தோட்டாவைச் செய்தது. .470, .475 என்று வேறு சிலவும் வந்தன. எல்லாமே .450ஐவிட மயிரிழை அகலம். ஆற்றலில் பெரிய வித்தியாசம் இல்லை. மார்ட்டினியின் குழலுக்குள் நுழையக் கூடாது என்பதுதான் அவற்றின் முதல் தகுதி. இன்றும் யானைத் துப்பாக்கி பற்றிய நூல்களில் அந்த எண்கள் வரிசையாக வருவதைப் பார்த்து, ஏதோ நுட்பமான பொறியியல் காரணம் இருக்கும் என்று நினைப்பார்கள். இருந்தது ஓர் அரசாணைதான். இந்தியாவில் உரிமம் பெற்றவர்கள் வைத்திருக்கும் .315 துப்பாக்கியும் இதே வழியில் வந்ததுதான். படையின் .303 பொதுமக்களுக்கு இல்லை என்பதால் வேறு அளவு தேவைப்பட்டது; பின்னாளில் வங்காளத்தின் இச்சாப்பூர் தொழிற்சாலை அதைச் செய்தது.

நம் நாட்டில் சட்டம் இன்னும் கடுமை. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இன்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க முடியாது. 1971ஆம் ஆண்டின் சட்டம், சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் என்கிறது. காட்டுப்பூனை செய்வது இங்கே பொழுதுபோக்கு அல்ல. ஆனால் கன அளவு, அழுத்தம், உராய்வு, சடத்துவம் எல்லாம் ஒரே சிறு பொருளில் ஒன்றையொன்று இழுத்துக்கொள்வதைக் காட்ட இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைப்பது அரிது.

ஒன்றை விட்டுவிட்டேன். அந்தக் கூட்டின் கழுத்தில் நெடுக்குவாட்டில் ஒரு விரிசல் இருந்தது. சுட்டதால் வந்ததாக இருக்கலாம். வேறொரு காரணமும் உண்டு, அதுவும் இந்தியக் கதைதான். பிரிட்டிஷ் படை மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தபோது, சுடாத தோட்டாக்களின் கூடுகளே தாமாக விரிசல் விட்டன. மழைக்காலத்தில் வந்ததால் 'பருவ விரிசல்' என்று பெயர் வைத்தார்கள். ஆனால் குற்றவாளி மழை அல்ல. குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா. தோட்டாப் பித்தளையில் சுமார் 70 விழுக்காடு செம்பு, 30 விழுக்காடு துத்தநாகம். செம்பு(II) அயனிகள் உள்ள கரைசலில் அம்மோனியாவை மிகுதியாக ஊற்றினால் அடர்நீலக் கரைசல் வருவதை ஆய்வுக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். செம்போடு சேர்வதில் அம்மோனியாவுக்கு அவ்வளவு ஆவல். சாதாரணமாக அது பித்தளையின் மேற்பரப்பை அரிப்பதோடு நிற்கும். ஆனால் ஒடுக்கிய கழுத்தில் உலோகம் ஏற்கெனவே இழுவிசையில் இருக்கிறது. அரிப்பும் இழுவிசையும் சேர்ந்தால் விரிசல். 1921இல் ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள். தீர்வு எளிது: ஒடுக்கிய பிறகு கழுத்தை மிதமாகச் சூடாக்கி அந்த உள் இழுவிசையைத் தளர்த்துவது. இன்றைய சில தோட்டாக்களின் கழுத்தருகே தெரியும் நீலம் கலந்த நிறமாற்றம் அந்தச் சூட்டின் தடம்.

காவலர் கூட்டை ஒரு நெகிழிப் பையில் போட்டு, கிடைத்த இடத்தை எழுதிக்கொண்டு போனார். மறுநாள் அங்கே ஆட்கள் வந்து நிலத்தைச் சோதித்தார்களாம். நான் பருவ விரிசலைப் பற்றி வகுப்பில் சொல்லி முடித்ததும் அந்த மாணவன் கையைத் தூக்கினான்.

"சார், அந்தக் கால்வாய் ஓரமா தாத்தா செம்பனைக்கு உரம் போடுவாரு. மூட்டையில அமோனியம் சல்பேட்னு எழுதியிருக்கும். அதுல அம்மோனியா வருமா?"

மண் காடியாக இருந்தால் எளிதில் வராது, காரமாக இருந்தால் வரும் என்றேன். அடுத்த வாரம் அவன் ஒரு போத்தலில் மண்ணோடு வந்தான். லிட்மஸ் தாளை எடுத்துக் கொடுத்தேன்.